வெளிப்புற விளையாட்டு: 30 நிமிடம்

‘வெளிப்புற விளையாட்டு: 30 நிமிடம்.’ இந்த ஒரு வரியைப் பத்து ஆண்டுகள் என் பாடக் குறிப்பேட்டில் எழுதினேன். காலை 9.30 என்ற நேரத்துக்கு எதிரே, நீல மையில், திருத்தமான கையெழுத்தில். திங்கள் முதல் வெள்ளி வரை எழுதினேன். ஐந்து நாளில் நான்கு நாள் அது பொய். மழை வாரம் என்றால் ஐந்து நாளும் பொய்.

பினாங்கின் செபராங் ஜெயாவில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். தாமானுக்குள் ஒரு முனை வீடுதான் பள்ளி. நீளக் கூடம், இரண்டு அறை, கூரை போட்ட முன்வாசல், இரும்புக் கேட். கேட்டைத் திறந்து சாலையைக் கடந்தால் திடல். இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், ஓரமாக நிழல் தரும் மரங்கள். பிள்ளைகள் சன்னல் வழியே அந்தத் திடலைப் பார்த்துக்கொண்டேதான் எழுத்துப் பழகினார்கள். எங்கள் ஊர்த் தெருக்களுக்கு மீன்களின் பெயர்: ஜாலான் தெங்கிரி, ஜாலான் தோடாக், ஜாலான் தூனா. அந்தப் பெயர்களை அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அந்தத் தெருக்களில் ஒருநாள்கூட அவர்களை நடத்திக் கூட்டிப்போனதில்லை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. பத்து காவான் தோட்டத்தில் பிறந்தவள் நான். இன்று பினாங்கின் இரண்டாவது பாலம் வந்து இறங்குகிற அதே பத்து காவான். பள்ளி விட்டு வந்தால் இருட்டும்வரை கிளித்தட்டு, நொண்டி, சடுகுடு. முட்டியில் காயம் ஆறாத நாளே இல்லை. 2011இல் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு பிள்ளைகளைத் தினமும் திடலுக்குக் கூட்டிப்போனேன். நன்றாகத் தெரிந்த ஒன்றைத்தான் பிறகு நிறுத்தினேன்.

நிறுத்தியதற்கு முதல் காரணம் பயம். 2012இல் ஒரு சிறுமி சறுக்குமரத்திலிருந்து விழுந்ததில் தாடையில் வெட்டுப்பட்டது. மூன்று தையல். மறுநாள் காலை அவளுடைய அப்பா கேட்டருகே நின்று, “பிள்ளைய படிக்கத்தான் அனுப்புறேன் டீச்சர், அடிபட்டு வர்றதுக்கு இல்ல” என்றார். சத்தம்கூடப் போடவில்லை. எனக்குக் கை நடுங்கியது. அன்றைக்குக் கேட்டில் போட்ட பூட்டை அதன் பிறகு அபூர்வமாகத்தான் திறந்தேன்.

அந்தப் பயம் ஓர் ஆண்டு இருந்திருக்கும். அதற்குப் பிறகு இருந்தது என் வசதி. இதைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை காலம் ஆயிற்று. 22 பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவது சும்மா இல்லை. காலணி மாட்டவே பத்து நிமிடம் போகும். ஒருவன் சாலைப்பக்கம் ஓடுவான், ஒருத்தி எறும்புக் கடிக்கு அழுவாள், ஒருவனுக்குச் சிறுநீர் வரும். திரும்பி வந்தால் சட்டையெல்லாம் வியர்வை, கூடமெல்லாம் மண். அடங்கி உட்கார இன்னும் கால்மணி. உள்ளேயே வைத்திருந்தால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. பெற்றோர்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். “உங்க கிளாஸ்ல மட்டும் சத்தமே இல்ல டீச்சர்” என்பார்கள். அந்தப் பாராட்டுக்கு மயங்கினேன். அதற்காகவே இன்னும் அடக்கினேன்.

முதலாம் ஆண்டுக்குப் போவதற்குள் பிள்ளை மூன்று மொழியிலும் வாசிக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டது உண்மை. தமிழில் 247 எழுத்து, அதோடு மலாய், ஆங்கிலம். நேரம் போதாதபோது எங்கே கை வைப்பது? 9.30இல் வைத்தேன். 2017இல் திருத்தி வந்த தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டம் உடல் வளர்ச்சிக்கென்று ஒரு பகுதியையே வைத்திருந்தது. அந்தப் பக்கங்களைப் படித்தேன், பயிற்சிக்கும் போனேன். திரும்பி வந்து அதே வரியை அதே இடத்தில் எழுதினேன். குறிப்பேட்டைப் பார்த்தவர்கள் என் எழுத்தை நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள்?

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2014இல் நாலு வயதுப் பிரிவில் சேர்ந்தான். அம்மாவுக்குப் பிறை தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. காலை ஏழேகாலுக்கெல்லாம் வேன் அவனை இறக்கிவிட்டுப் போய்விடும். கொழுகொழு கன்னம். யார் பார்த்தாலும் கிள்ளுவார்கள், நானும் கிள்ளியிருக்கிறேன். அவன் அசையமாட்டான். காலை மடக்கி உட்கார்ந்தால் பத்து மணி இடைவேளை வரை அப்படியே இருப்பான். துள்ளுகிற மற்றப் பிள்ளைகளிடம் அவனைத்தான் காட்டுவேன். “அவனப் பாருங்க, எப்படி ஒக்காந்திருக்கான். அதான் நல்ல பிள்ள.” மேசைமேல் ஒரு கண்ணாடிப் புட்டியில் மிட்டாய் வைத்திருந்தேன். அசையாமல் இருப்பவனுக்கு ஒன்று. அதிகம் வாங்கியவன் அவன்தான்.

இடைவேளைக்கு டின் பால் தடவிய ரொட்டி கொடுப்போம், அல்லது மீ கோரெங். குடிக்கச் சிகப்பு சிராப். டின் பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனி. சிராப்புக்கு எத்தனை கரண்டி சீனி என்பது என் கைக் கணக்கு. யாராவது வராத நாளில் அந்தப் பங்கையும் அவன் தட்டில்தான் வைப்பேன். வளர்கிற பிள்ளை, நன்றாகச் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். பாசம்தான் அது. அந்தப் பாசத்தோடு சேர்த்து வெளியே ஓடவும் விட்டிருந்தால் பரவாயில்லை. தட்டையும் நிரப்பினேன், கேட்டையும் பூட்டினேன்.

2016இல் அவனுக்கு ஆறு வயது. ஒருநாள் கழுத்துப் பட்டியைச் சரிசெய்யும்போது பார்த்தேன். பிடரியில், மடிப்பில், வெல்வெட்டுத் துணி ஒட்டினாற்போல் கருப்பு. விரலால் தேய்த்தேன், போகவில்லை. மதியம் கூட்டிப்போக வந்த அம்மாவிடம், மற்ற அம்மாக்கள் நின்றிருக்கும்போதே சொன்னேன்: “கழுத்த நல்லா தேய்ச்சுக் குளிப்பாட்டுங்கம்மா. அழுக்கு படிஞ்சு கெடக்கு.” அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. சரி டீச்சர் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனாள். திங்கட்கிழமை அவன் வந்தபோது கழுத்து சிவந்து, இரண்டு இடத்தில் தோல் உரிந்திருந்தது. கருப்பு அப்படியே இருந்தது. இன்னும் சரியாகத் தேய்க்கவில்லை போலிருக்கிறது என்றுதான் அன்று நினைத்தேன்.

அதே ஆண்டு பறவைப் பூங்காவுக்குப் போனோம். ஜாலான் தோடாக்கில் 1988 முதல் இருக்கிறது, எங்கள் ஊருக்குப் பெருமை. வேனில் ஐந்து நிமிடம். உள்ளே போய் இருபது நிமிடம் நடந்திருப்போம். இருவாச்சிக் கூண்டைத் தாண்டியதும் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கீழே உட்கார ஆரம்பித்தார்கள். “கால் வலிக்குது டீச்சர்.” “தூக்குங்க டீச்சர்.” ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகள்! அந்தப் பையன் நடைபாதையின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டான், மூச்சு வாங்கியது. எங்களைக் கடந்து இன்னொரு பாலர் பள்ளிப் பிள்ளைகள் கிளிகளைப் பார்க்க ஓடினார்கள். ஏறக்குறைய அதே வயதுதான், அதே வெயில்தான். வெயில் அதிகம் என்று சொல்லி என் பிள்ளைகளை நிழலில் உட்காரவைத்து ஆளுக்கொரு பாக்கெட் பானம் வாங்கிக் கொடுத்தேன். பெற்றோரிடமும் வெயில் என்றே சொன்னேன். அந்த இரண்டு கூட்டத்துக்கும் இருந்த வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் 9.30இல் எதையும் மாற்றவில்லை.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பள்ளி மூடிக் கிடந்தது. மறுபடி திறந்தபோது பிள்ளைகள் எடை கூடி, ஓட மாட்டாமல், கைப்பேசி கேட்டு அழுதுகொண்டு வந்தார்கள். கொரோனாவால் இப்படி ஆகிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். நானும் பேசினேன். அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது.

2022இல் என் சர்க்கரைப் பரிசோதனைக்காகக் கிளினிக்கில் எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்து, “வணக்கம் டீச்சர்” என்றான். அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது. ஆறாம் ஆண்டு படிக்கிறான். நாற்காலியிலிருந்து எழும்போதே முட்டியைப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் அவன் அம்மா. பள்ளிக்கு வந்த சுகாதாரக் குழு எடை பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது. சர்க்கரை இன்னும் வரவில்லை, ஆனால் வரும் நிலையில் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் என் அருகில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“அது அழுக்கு இல்லையாம் டீச்சர். உள்ள இருக்கிற கோளாறாம். தெரியாம எத்தன நாள் அவன தேய்ச்சிருக்கேன். வலிக்குதும்மான்னு கத்துவான்.”

என்னைக் குற்றம் சொல்ல அவள் வரவில்லை. எனக்கும் தெரிந்திருக்கட்டும் என்று சொன்னாள், மற்றப் பிள்ளைகளைப் பார்க்கும்போது உதவும் என்று. நான் தலையாட்டினேன். என் எண்ணைக் கூப்பிட்டார்கள், எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அந்தக் கருப்புக்கு மருத்துவத்தில் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். உடல் பருத்த பிள்ளைகளின் பிடரியிலும் அக்குளிலும் வரும். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடல் அதை மேலும் மேலும் சுரக்கிறது, ரத்தத்தில் கூடிய அந்த இன்சுலின் தோலைத் தடிக்க வைத்துக் கருக்க வைக்கிறது. சர்க்கரை நோய் வருவதற்குப் பல ஆண்டு முன்பே உடல் காட்டும் அடையாளம். தேய்த்தால் போகாது. எடை குறைந்து, ஓடியாடினால் மெல்ல வெளுக்கும். ஆறு வயதில் அவன் உடல் காட்டியது. முதலில் பார்த்தவள் நான். பார்த்துவிட்டு அவன் அம்மாவைத் தலைகுனிய வைத்தேன்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். பள்ளி நடப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள். நாளுக்கு அரை மணி என்றால் 100 மணி நேரம். என்னிடம் இருந்த மூன்று ஆண்டில் 300 மணி நேரம். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்துவிட்ட நாட்களைக் கழித்தாலும் 240க்குக் குறையாது. அவன் நோய்க்கு நான் மட்டுமே காரணம் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். வீடு இருக்கிறது, பரம்பரை இருக்கிறது, அம்மா இரவு ஷிப்டில் இருக்க அவன் தொலைக்காட்சி முன் உறங்கிய நாட்கள் இருக்கின்றன. ஆனால் அந்த 240 மணி நேரம் என் கையில் இருந்தது.

பிறகுதான் தேடிப் படித்தேன். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்று உலகச் சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மூன்று, நான்கு வயதில் ஒரு நாளைக்கு 180 நிமிடம் உடல் அசைய வேண்டும். அதில் குறைந்தது 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியிலோ நாற்காலியிலோ கட்டிப்போட்டு வைக்கக்கூடாது. திரை பார்ப்பது ஒரு மணிக்குள், உறக்கம் 10 முதல் 13 மணி. என் வகுப்பை அதனோடு வைத்துப் பார்த்தேன். ஏழேகால் வரை வேனில் பெல்ட், எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை தரையில் சம்மணம்.

2019இன் தேசிய உடல்நல ஆய்வில் நம் நாட்டில் 5 முதல் 17 வயதுக்குள் 29.8 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அதே ஆய்வில் பெரியவர்களில் சர்க்கரை நோய் 18.3 விழுக்காடு. இந்தியர்களில் மட்டும் 31.4. நம் வீட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். கரும்புத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கூலியாகக் கொண்டுவரப்பட்ட சனம் நாம். என் பாட்டி விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மதியம் ரப்பர்ப் பால் வாளியைச் சுமந்து, மாலையில் காய்கறிக்குத் தண்ணீர் ஊற்றியவள். குவளையில் சீனி போட்ட கோப்பி அவளுக்குப் பசி தாங்க. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தோம். சீனியும் சோறும் நம்மோடு வந்தன. நடையும் சுமையும் அங்கேயே நின்றுவிட்டன. பிள்ளையின் கால் ஓடக் கற்றுக்கொள்ளும் வயது பாலர் பள்ளி வயது. அந்த வயதில் அவர்களை உட்கார வைப்பதை என் வேலையாக எடுத்துக்கொண்டேன்.

மிட்டாய்ப் புட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2015இன் பாலர்பள்ளிப் பல் ஆய்வில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் 71.3 விழுக்காட்டினருக்குச் சொத்தை. எங்கள் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க வந்த மிசி அந்தப் புட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்த முறை அவர் வரும் நாளில் மட்டும் அதை அலமாரிக்குள் வைத்தேன்.

2023 சனவரியில் பெற்றோர் கூட்டம் வைத்து உண்மையைச் சொன்னேன். பழைய குறிப்பேடுகளைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, இந்த வரி பெரும்பாலும் பொய் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒரு அப்பா, “அப்ப இத்தன வருசமா எங்களுக்கு என்ன காட்டுனீங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டு பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் செய்தது சரிதான்.

இப்போது காலையில் வேன் இறக்கிவிட்டதும் கால்மணி நேரம் முன்வாசலில் தவளை, நண்டு, யானை என்று நடக்கிறோம். 9.30க்குக் கேட்டைத் திறக்கிறேன். உதவிக்கு முறைவைத்து ஒரு பாட்டியோ தாத்தாவோ வருகிறார்கள். அவர்களுக்கும் அது நல்ல பொழுது. திடலில் சுண்ணாம்பால் கோடு இழுத்துக் கிளித்தட்டு கற்றுக்கொடுத்தேன். மலாய்ப் பிள்ளைகள் காலா பஞ்சாங் என்று ஆடுகிறார்களே, ஏறத்தாழ அதுதான். கோட்டில் நிற்பவன் கோட்டைவிட்டு இறங்கக்கூடாது, உள்ளே இருப்பவன் தொடப்படாமல் கடக்க வேண்டும். சின்னவர்களுக்கு இரண்டு கோடு போதும். ஓடுவது, சட்டென்று நிற்பது, பக்கவாட்டில் பாய்வது, ஏமாற்றித் திரும்புவது எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் வந்துவிடுகிறது. பதினொரு மணிக்குப் பாட்டு போட்டு இன்னொரு கால்மணி ஆட்டம். பள்ளியில் மொத்தம் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. மீதி இரண்டு மணி வீட்டில்தான் நடக்க வேண்டும்.

சென்ற ஆண்டு வந்த ஒரு சிறுமிக்கு ஐந்து வயதிலும் குதிக்கத் தெரியவில்லை. திடல் ஓரத் திட்டு ஒரு சாண் உயரம்தான். அதன்மேல் நின்று கீழே பார்ப்பாள், காலை நீட்டுவாள், இழுத்துக்கொள்வாள். என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள். பல வாரம் அப்படியே போயிற்று. ஒருநாள் நான் வேறொரு பிள்ளைக்குக் காலணி மாட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் தொப்பென்று சத்தம். திரும்பினால் இரண்டு காலும் மண்ணில், கையும் மண்ணில். எழுந்து மறுபடி திட்டில் ஏறினாள். அன்றைக்கு எத்தனை முறை குதித்தாள் என்று நான் எண்ணவில்லை, அரை மணி முழுவதும் அதையே செய்தாள். அந்த அரை மணியை எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்டேன் என்று நினைத்தபோது அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

சிராப் இல்லை, வெறும் தண்ணீர். முதல் வாரம் அழுதார்கள், பிறகு கேட்கவில்லை. பிறந்தநாளுக்குப் பழம் மட்டும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். சிலர் கேக்கோடுதான் வருகிறார்கள். மறுக்க எனக்கு இன்னும் முழுத் தைரியம் வரவில்லை, சின்னத் துண்டாக வெட்டிக் கொடுக்கிறேன்.

முழுக்கத் திருந்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன். போன மாதம் மூன்று நாள் கேட்டைத் திறக்கவில்லை. மழையும் இல்லை, புகைமூட்டமும் இல்லை. முட்டி வலித்தது, சோர்வாக இருந்தது. குறிப்பேட்டில் அந்த மூன்று நாளும் ‘வெளிப்புற விளையாட்டு: இல்லை. காரணம்: ஆசிரியை’ என்று எழுதினேன்.

கிளினிக்கில் அந்த அம்மாவிடம் சொல்லாமல் எழுந்து போனதைப் பிறகு நேரில் போய்ச் சொன்னேன், ஆறு மாதம் கழித்து. 9.30 வரி, வராத பிள்ளைகளின் பங்கு, எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், “அன்னிக்கு எல்லாரும் நிக்கும்போது சொன்னீங்களே டீச்சர், அதுதான்” என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பையன் இப்போது மாலையில் திடலைச் சுற்றி நடக்கிறான்.

பாலர் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் அம்மா அப்பாவுக்கு: உங்கள் பிள்ளையின் பிடரியில் கருப்பு இருந்தால் தேய்க்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். கூட்டிவரப் போகும்போது இன்று எத்தனை எழுத்து என்று கேட்பதற்கு முன், இன்று எத்தனை நேரம் ஓடினார்கள் என்று ஆசிரியையிடம் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள். பதிலைக் கேட்டதோடு விடாமல், வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் காலணியைத் திருப்பி அடியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.